கவரில் போட்டு வைத்த பல்வரிசை

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க சார். எனக்கு ஓரம்தான் வசதி. ஏறுறவன் முகமும் இறங்குறவன் முகமும் ஓரத்துல இருந்தாத்தான் தெரியும். பழக்கம்.

கடலை சாப்பிடுறீங்களா? பஸ் ஸ்டாண்டு வாசல்ல வாங்கினேன், சூடு ஆறலை. வேண்டாமா? நல்லது. கோவிச்சுக்கலை சார், நிஜமாவே சொல்றேன், நல்லது. பஸ்ல தெரியாத ஆள் கொடுக்கிறதை வாங்கித் தின்னக் கூடாது. நானும் வாங்க மாட்டேன். உங்களை எனக்குப் பிடிச்சுப் போச்சு.

நான் ராஜபாளையம் வரைக்கும். இந்தா, டிக்கெட்டை இந்தக் கவர்ல போட்டு வெச்சிடுறேன். சட்டைப்பையில வெச்சா காத்துல போயிரும். "இங்கதான் சார் வெச்சேன், காத்துல போயிருச்சு"ன்னு எத்தனை பேர் என்கிட்ட அழுதிருக்காங்க தெரியுமா? பஸ் கழகத்துல முப்பத்தொரு வருஷம் சார். கண்டக்டரா பதினாலு, செக்கிங் இன்ஸ்பெக்டரா பதினேழு. ரிட்டயர்டு ஆகி மூணு வருஷம் ஆச்சு. பேரு கொம்பையா. பாஸ் இருக்கு எனக்கு, சும்மாவே போகலாம். ஆனா டிக்கெட் எடுத்துருவேன். பாஸைக் காட்டினா கண்டக்டர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துட்டு, அப்புறம் நம்ம மூஞ்சியைப் பார்ப்பான் பாருங்க. அந்தப் பார்வை எனக்கு ஆகாது.

மடியில இருக்கிறதா? புளியோதரை. வீட்டுக்காரி கட்டிக் கொடுத்தா. எங்க போறேன்னு சொன்னா சிரிப்பீங்க. கல்யாணத்துக்குப் போறேன். அதுவும் கூடப் பிறந்த தங்கச்சி மகள் கல்யாணம். பொண்ணுக்கு நான்தான் தாய்மாமன், ஒரே தாய்மாமன். நாளைக்குக் காலையில அவ கையைப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டு வரணும், மாமன் மாலை போடணும். அப்படிப்பட்டவன் கல்யாண வீட்டுக்குச் சோத்துப் பொட்டலம் கட்டிக்கிட்டுப் போறேன். ஏன்னா அந்த வீட்டுல நான் கை நனைக்கப் போறதில்லை. பச்சைத் தண்ணி கூடக் கிடையாது. மாலையை மட்டும் போட்டுட்டு வந்துரலாமா, இல்லை மண்டபத்து வாசலோட திரும்பிரலாமான்னு இன்னும் முடிவு பண்ணலை. ரெண்டு மனசா இருக்கு. சங்கரன்கோவில் தாண்டுறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்தாகணும்.

சொல்றேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு யார் மேலன்னு.

தங்கச்சி பேரு கோமதி. என்னை விடப் பதிமூணு வயசு இளையவ. ராஜபாளையத்துல போஸ்ட் ஆபீஸ்ல வேலை. நான் தூக்கி வளர்த்த பிள்ளை சார். அவளுக்கு மேல்வரிசையில முன்பல்லு நாலும் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். நான் அவளைத் துருவாமணைன்னுதான் கூப்பிடுவேன். தேங்காய் துருவுறதுக்கு வெச்சிருப்பாங்களே, அதேதான். செல்லமாத்தான். அப்புறம் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டுது, அவ்வளவு பொருத்தமா அமைஞ்சு போச்சு. ஒரு நாள் கூட அவ கோவிச்சுக்கிட்டது கிடையாது. கையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. கை அப்படியே பழகிப் போச்சு.

அவ கல்யாணத்துல போட்டோக்காரன், "பொண்ணு கொஞ்சம் சிரிங்கம்மா"ன்னான். நான் பக்கத்துல நின்னுக்கிட்டு, "ஏ துருவாமணை, சிரிச்சிராத, பிலிம் கிழிஞ்சிரும்"ன்னேன். மண்டபமே சிரிச்சுது சார். மாப்பிள்ளை ஒருத்தரைத் தவிர. அந்த ஆல்பத்துல எந்தப் படத்தைப் பார்த்தாலும் கோமதி கை வாய் மேலதான் இருக்கும். நான் அப்பவே எங்க வீட்டுல சொன்னேன், இந்த மாப்பிள்ளை சிரிக்கத் தெரியாத ஆளு, ஜாக்கிரதையா இருக்கணும்னு.

அவர் பேரு வேலாயுதம். மில்லுல பிட்டர். அவரால்தான் ஆறு வருஷப் பகை. என்ன நடந்துதுன்னா, தென்காசி வண்டியில நான் செக்கிங் ஏறினேன். உள்ளே அவரும் அவர் மகளும் உட்கார்ந்திருக்காங்க. டிக்கெட்டைக் கேட்டேன். எல்லார்கிட்டயும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். மகள் டிக்கெட்டு இருக்கு, இவருது இல்லை. பையைத் தடவுறாரு, சீட்டுக்குக் கீழே பார்க்கிறாரு. "மச்சான், இங்கதான் வெச்சேன், ஜன்னல் காத்து"ன்னாரு. கண்டக்டர் வந்து, "நான் கொடுத்தேன் சார், நல்லா ஞாபகம் இருக்கு"ன்னு சாட்சி சொல்றான். நான் சொன்னேன், "கொடுத்தது முக்கியம் இல்லப்பா, கையில இருக்கணும்." அபராதம் எழுதிக் கையில கொடுத்தேன். சொந்தக்காரன்னு விட்டா அப்புறம் நான் யாரைப் பிடிக்கிறது?

அப்ப ஒண்ணு கவனிச்சேன் சார். கடைசியில அவர் வாயை இறுக்கி மூடிக்கிட்டாரு. ஒரு வார்த்தை வரலை. அது என் பதினேழு வருஷ அனுபவம். குத்தம் உள்ள வாய் திறக்காது. டிக்கெட் வெச்சிருக்கிறவன் சத்தம் போடுவான், சண்டைக்கு வருவான். இல்லாதவன் வாயை மூடிக்குவான். அன்னைக்கு இறங்கிப் போனவருதான், அப்புறம் என் வீட்டு வாசலை மிதிக்கலை. கோமதியையும் விடலை.

இது ஆறு வருஷத்துக்கு முந்தி. இப்ப இந்த வைகாசியில, ஞாயித்துக்கிழமை காலையில பத்து இருபதுக்கு, கோமதி வந்து நிக்கிறா. தனியா. கையில பழம், பூ.

"அண்ணே, யமுனாவுக்கு நிச்சயம் ஆயிருக்கு. ஆவணியில கல்யாணம். நீங்க வந்து நின்னாத்தான்ணே மேடை."

எனக்கு மனசு இளகத்தான் செஞ்சுது. இல்லைன்னு சொல்லலை. ஆனா கண்ணு சும்மா இருக்குமா? பார்க்கிறேன், பேச்சு சரியில்லை. வாய்க்குள்ள கல்கண்டை ஒதுக்கி வெச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி ஒரு குழறல். எப்பவும் வாயைப் பொத்துற கை, அன்னைக்கு இன்னும் இறுக்கமாப் பொத்துது. புகையிலை கிகையிலை பழகிட்டாளோன்னு முதல்ல நினைச்சேன்.

என் வீட்டுக்காரி பேராச்சி காபி கொண்டாந்தா. "வேண்டாம் மைனி, தண்ணி போதும்"ங்கிறா. அவளுக்குக் காபின்னா உயிரு சார்.

உங்களுக்கே தெரியும், நம்ம பக்கம் பகை உள்ள வீட்டுல கை நனைக்க மாட்டாங்க. பகை தீர்ந்துதுன்னா ஒரு வாய் சாப்பிட்டுருவாங்க, பேச்சு அதோட முடிஞ்சுது. இவ சமாதானம் பேச வந்துட்டு காபியைத் தள்ளி வைக்கிறா. நான் நேரடியாவே கேட்டுட்டேன். "ஏளா, சமாதானத்துக்கு வந்தியா, வேவு பார்க்க வந்தியா? உன் வீட்டுக்காரர் கை நனைக்காம வான்னு சொல்லி அனுப்பினாரா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லண்ணே. மைனி, இட்லி இருந்தா எடுத்து வைங்க. சாப்பிடுறேன். இதோ வந்துடுறேன்"னு சொல்லிட்டுப் பின்பக்கம் தண்ணித் தொட்டிகிட்டப் போனா. கை கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம். இவ எட்டு நிமிஷம். நான் மெதுவா எட்டிப் பார்த்தேன். முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறா. ரெண்டு கையும் வாய்க்குள்ள இருக்கு.

வந்து உட்கார்ந்தா. இட்லி தின்னா. அப்பவும் ஒரு கை வாய் மேல. ஆறு வருஷம் கழிச்சு வந்த பிள்ளை, ஒரு சிரிப்புச் சிரிக்கட்டுமேன்னு, "என்ன துருவாமணை, பல்லெல்லாம் இன்னும் அங்கேயேதான் இருக்கா? நான் ஒண்ணும் பிடுங்கிட்டுப் போயிர மாட்டேன், கையை எடுத்துட்டுத் தின்னு"ன்னேன்.

அவ சிரிக்கலை சார். மூணாவது இட்லியில பாதி அப்படியே இருக்கு, கண்ணுல தண்ணி. மிளகாய்ப்பொடி காரம் போலன்னு நினைச்சேன், பேராச்சி எப்பவும் காரம் கூடத்தான் போடுவா. "பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே"ன்னு கையைக் கழுவி, பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. அவசர அவசரமா. நான் பேராச்சிகிட்ட, "இது சரியில்லை, போற வேகம் சரியில்லை"ன்னேன்.

சொல்லி வாய் மூடலை, பேராச்சி பின்னால இருந்து கத்துறா. தொட்டிக்கு மேல ஜன்னல் திட்டு, அதுல சோப்பு டப்பாவுக்குப் பின்னால, ஒரு பேப்பர்ல மடிச்சு ஏதோ இருக்கு. பிரிச்சுப் பார்த்தா ரெண்டு பல்வரிசை சார்! மேல் வரிசை ஒண்ணு, கீழ் வரிசை ஒண்ணு. நிறமே கிடையாது. கண்ணாடி மாதிரி, தண்ணி மாதிரி. ஒவ்வொரு பல்லா அச்செடுத்த மாதிரி, உள்ளே வெறும் கூடு. ஓரத்துல பதினாலுன்னு பொடி எழுத்துல ஒரு நம்பர் வேற.

பேராச்சி ரெண்டடி தள்ளி நிக்கிறா. "இது வாய்க்கட்டுங்க. நம்ம வாயைக் கட்டுறதுக்கு வெச்சுட்டுப் போயிருக்கா. கல்யாணத்துல அவங்க என்ன சொன்னாலும் நீங்க தலையாட்டணும்ல, அதுக்கு"ங்கிறா. எனக்குச் செய்வினையில எல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனா தடயம்னு ஒண்ணு இருக்கில்லையா? எட்டு நிமிஷம் முதுகைக் காட்டி நிக்கிறா, வாய்க்குள்ள கையை விடுறா, ஒரு பொருளை மறைச்சு வெச்சுட்டு ஓடுறா. என் இடத்துல யார் இருந்தாலும் என்ன நினைப்பாங்க?

நான் முறைப்படி செஞ்சேன். ஒரு கவரை எடுத்தேன், இதே கவர்தான். பொருளை உள்ளே போட்டேன். மேல எழுதினேன். தேதி, நேரம், கிடைச்ச இடம், சாட்சி பேராச்சி, கைப்பற்றியவர் கொம்பையா. கையெழுத்தும் போட்டேன். பார்த்தீங்களா, எழுத்து எவ்வளவு தெளிவா இருக்கு? பேராச்சி அந்தக் கவரைக் காலி ஊறுகாய்ப் பாட்டில்ல போட்டு, மேல வேப்பிலையை அடைச்சு, விறகுக் கொட்டாய்ல வெச்சுட்டா.

மறுநாள் காலையில போன் வருது. கோமதி.

"அண்ணே, நேத்து தொட்டிகிட்ட ஏதாவது விட்டுட்டு வந்தேனா? பேப்பர்ல சுத்தி..."

"என்ன பொருளு?"

"சின்னதுதாண்ணே."

"சின்னதுன்னா? பேரைச் சொல்லு."

பேரைச் சொல்லலை.

"பேர் தெரியாத பொருள் எதுவும் இங்க இல்லை"ன்னேன்.

"சரிண்ணே."

வெச்சுட்டா. பார்த்தீங்களா? நல்ல பொருளா இருந்தா பேரைச் சொல்லிக் கேட்க வேண்டியதுதானே? குத்தம் உள்ள வாய் திறக்காது, சொன்னேன்ல. மூணாம் நாள் பேராச்சிக்குப் போன் போட்டு, "மைனி, குப்பையில ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா"ன்னு கேட்டிருக்கா. "எங்க வீட்டுக் குப்பையில உனக்கு என்ன வேலை"ன்னு இவ கேட்டிருக்கா. அதுக்கப்புறம் போன் வரலை.

அப்படியே ரெண்டு மாசம் போச்சு. ஆடியில எனக்குப் பல்வலி வந்துது. இடது பக்கம், கீழ்க் கடைவாய். ராத்திரி பகல் தெரியலை சார். "பார்த்தீங்களா, வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு"ன்னு பேராச்சி எலுமிச்சம்பழத்தோட நிக்கிறா. கிராம்பு வெச்சேன், உப்புத் தண்ணி கொப்புளிச்சேன். பத்து நாள் பார்த்துட்டு டாக்டர்கிட்டப் போனேன். "போற வழியில அந்தக் கவரைக் குறுக்குத்துறை ஆத்துல விட்டுட்டு வந்துருங்க"ன்னு பேராச்சி பையில போட்டு விட்டா.

டாக்டர் சின்னப் பொண்ணு. நாற்காலியில சாய்ச்சு, வாயைத் திறக்கச் சொல்லி, லைட்டை அடிச்சு, "இந்தச் சொத்தை ஏழெட்டு வருஷமா இருக்குமே ஐயா, எப்படித் தாங்கினீங்க"ங்குது. ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கி, பஞ்சை வெச்சுக் கடிக்கச் சொல்லிச்சு. கடிச்சுக்கிட்டே திரும்புறேன், கண்ணாடி அலமாரியில அதே பல்வரிசை! அதே நிறமில்லாத கூடு. எந்திரிச்சுட்டேன். பையில இருந்து கவரை எடுத்து மேஜை மேல கொட்டினேன். வாயில பஞ்சு, பேச முடியலை. விரலால காட்டுறேன், இது என்ன, இது என்னன்னு.

அந்தப் பொண்ணு கையில எடுத்துப் பார்த்துட்டுச் சாவகாசமாச் சொல்லுது. "இது பல்லை நேராக்கப் போடுறது ஐயா. முன்னெல்லாம் கம்பி கட்டுவோம்ல, நிறையப் பேருக்கு இப்ப அதுக்குப் பதிலா இந்த உறை. மாட்டியிருக்கிறது வெளியே அவ்வளவாத் தெரியாது. எந்தப் பல்லு எவ்வளவு நகரணும்னு முதல்லயே கணக்குப் போட்டு, வரிசையா இருபது, இருபத்தஞ்சுன்னு செய்வாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு மாத்தணும். ஒவ்வொண்ணும் பல்லைத் துளித் துளியாத் தள்ளும். இது பதினாலாவது."

அப்புறமும் சொல்லிச்சு. நாள் முழுக்கப் போட்டிருக்கணுமாம். போட்டுக்கிட்டுத் தண்ணி மட்டும்தான் குடிக்கலாமாம். காபி குடிச்சாக் கறை பிடிக்குமாம், சூட்டுல வளைஞ்சிருமாம். சில பேருக்குப் பேச்சு கொஞ்சம் குழறுமாம். புதுசுன்னா பல்லோட இறுக்கிப் பிடிச்சிருக்குமாம், கழட்டுறதுக்கே நேரம் ஆகுமாம்.

"எங்க கிடைச்சுது ஐயா?"

எங்க வீட்டுலன்னு நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

"அப்ப உங்க வீட்டுல சாப்பிடுறதுக்காகக் கழட்டியிருக்காங்க. இதைக் கழட்டினாத்தானே சாப்பிட முடியும்? பேப்பர்ல சுத்தி வெச்சுட்டு மறந்து போறது எல்லாரும் செய்றதுதான். பாவம், தேடித் தவிச்சிருப்பாங்களே. உங்ககிட்டக் கேட்கலையா?"

வாயில பஞ்சு இருந்துது.

தொலைஞ்சா என்ன ஆகும்னு கையால கேட்டேன். புதுசு செஞ்சு வர மூணு வாரமோ என்னமோ ஆகுமாம். அதுவரைக்கும் பழையதையாவது மாட்டியிருக்கணுமாம். இல்லைன்னா நகர்ந்து வந்த பல்லு, வந்த வழியே திரும்பப் பார்க்குமாம். "வீட்டுல கல்யாணம் ஏதாவது இருக்கா? இப்பல்லாம் பிள்ளை கல்யாணத்துக்கு முன்னாடி அம்மாமார் நிறைய வர்றாங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுது அந்தப் பொண்ணு.

வர்ற வழியில விரல் விட்டு எண்ணினேன். மொத்தம் இருபதுன்னு வெச்சுக்குவோம். வைகாசியில பதினாலு. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னா, ஆவணி. கரெக்டா கல்யாணத்துக்கு வந்து நிக்கும். டைம் டேபிள் போட்டிருக்கா சார் அவ. நடுவுல மூணு வாரம் லேட்டு. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

சரி, செய்வினை இல்லை. ஒத்துக்கிடுறேன். ஆனா எனக்கு ஒரு கேள்வி இருக்கு. அண்ணன்கிட்ட எதுக்கு மறைக்கணும்? "அண்ணே, நான் பல்லைச் சரி பண்றேன்"னு சொன்னா நான் என்ன சொல்லியிருக்கப் போறேன்? சிரிச்சிருப்பேன். அவ்வளவுதானே? சிரிச்சதுக்காக யாரையாவது தூக்குல போடுவாங்களா? கூடப் பிறந்தவன்கிட்ட ஒரு ஒளிவு மறைவு வந்துட்டா, அங்க வேற என்னவோ இருக்குன்னு அர்த்தம். பேராச்சி அதைத்தான் சொல்றா. "டாக்டர் ஆயிரம் சொல்லுவாங்க. இத்தனையும் ஒளிச்சவ சோத்துல மருந்து வைக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?" அப்படிச் சொல்லித்தான் இதைக் கட்டிக் கொடுத்திருக்கா.

திருப்பிக் கொடுத்தீங்களான்னுதானே பார்க்கிறீங்க? டாக்டர்கிட்டப் போயிட்டு வந்த அன்னைக்கே கோமதி நம்பருக்குப் போட்டேன். எடுத்தது மாப்பிள்ளை. "ஹலோ, யாரு"ன்னாரு. வெச்சுட்டேன்.

என்ன, வண்டி நிக்குது? இங்க ஸ்டாப்பு கிடையாதே. எது இது? கரிவலம் தாண்டிட்டோமா? அப்ப சங்கரன்கோவில் எப்ப போச்சு? பேச்சு வாக்குல கவனிக்கலை பாருங்க.

ஓ. செக்கிங்.

பாருங்க, முன்வாசல்ல ஒருத்தன், பின்வாசல்ல ஒருத்தன். அப்படித்தான் ஏறணும். வயசுப் பையங்க, ஆனா தொழில் தெரிஞ்சிருக்கு. உங்க டிக்கெட்டைக் கையில எடுத்து வெச்சுக்குங்க சார். கேட்டப்புறம் தேடினா ஒரு மாதிரி பார்ப்பாங்க. நான் என்னுதை... இருங்க. சட்டைப்பையில... இல்லை. வேட்டி மடிப்புல... இல்லையே. இங்கதானே வெச்சேன்.

இருக்கு தம்பி. எடுத்துருக்கேன். ஒரு நிமிஷம். ராஜபாளையம் டிக்கெட்டு. கொஞ்சம் அந்தப் பக்கம் முடிச்சுட்டு வாங்களேன். இல்லையா? சரி, சரி, நில்லுங்க. கடலைப் பொட்டலத்துக்குள்ள... இல்லை. சார், கொஞ்சம் எந்திரிங்க, சீட்டுல கிடக்கான்னு பார்ப்போம். தம்பி, இங்கதான் வெச்சேன். ஜன்னல் காத்துல ஒருவேளை...

பாஸா? பாஸ் வீட்டுல இருக்கு. நானும் இன்ஸ்பெக்டர்தான் தம்பி, ரிட்டயர்டு. ஆமா, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. எனக்கே சொல்லியிருக்காங்க.

கண்டக்டர் தம்பி! நீங்க கொடுத்தீங்கள்ல? திருநெல்வேலியில, ஏறின உடனே? சொல்லுங்க. பார்த்தீங்களா, அவர் சொல்றாரு, ஞாபகம் இருக்குன்னு சொல்றாரு.

ஆமா தம்பி. கொடுத்தது முக்கியம் இல்லை. கையில இருக்கணும். தெரியும்.

தெரியும்.

என்ன சார்? எது? கவரா? ஐயோ, ஆமா! கவர்லதான், உங்க கண்ணு முன்னாலதான் போட்டேன். இந்தா, இந்தா இருக்கு தம்பி, பாருங்க, ராஜபாளையம்... ஏ, பார்த்து! கீழே விழுந்துருச்சு, மிதிச்சிராதீங்க! காலை எடுங்கம்மா, யாரும் மிதிச்சிராதீங்க! எடுத்துட்டேன், ரெண்டும் இருக்கு. உடையலை.

இதுவா? இது என் தங்கச்சியோடது தம்பி. பல்லுல மாட்டுறது. எங்க வீட்டுல சாப்பிடுறதுக்காகக் கழட்டி வெச்சா.

ஆமா. எங்க வீட்டுல சாப்பிடுறதுக்காகத்தான்.

சரி தம்பி, போங்க. நீங்க செஞ்சது சரிதான். கேட்கத்தான் செய்யணும்.

போயிட்டாங்களா? எல்லாரும் இன்னும் என்னையே பார்க்கிறாங்களா சார்? திரும்பிப் பார்க்க முடியலை எனக்கு. காசு கொடுத்து வாங்கின டிக்கெட்டு சார். கண்டக்டரே சொல்றான். ஆனா கடைசியில எனக்குப் பேச்சு வரலை. நான் வாயை மூடிக்கிட்டா இருந்தேன்? நீங்க பார்த்தீங்களா? இறுக்கியா?

ம்.

நீங்க பக்கத்துல இருந்தீங்க, கவரைப் பாருங்கன்னு சொன்னீங்க. அன்னைக்கு மாப்பிள்ளைக்கு அந்தக் கண்டக்டர் சொன்னான். நான்தான்... அந்த மகள் அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டே என்னைப் பார்த்துது சார். அந்தப் பொண்ணுக்குத்தான் நாளைக்குக் கல்யாணம்.

சோழபுரம் வந்தாச்சு. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

இதை வேற கவர்ல மாத்திக் கொடுக்கலாம்னு காலையில ஒரு புதுக் கவர் எடுத்து வெச்சேன். தேதியும் கையெழுத்துமா இதைப் பார்த்தா, முதல் நாளே என் கையில இருந்துதுன்னு தெரிஞ்சு போகும்ல. குப்பையில தேடிச் சொல்லச் சொன்னவளுக்கு. வேண்டாம். இப்படியே கொடுத்துர்றேன். அந்த நம்பர் இனிமே அவளுக்கு உதவாது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் அவ பொருள்.

என்ன சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கிறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டு வர்றேன். கோமதின்னு நான் அவளைக் கூப்பிட்டதே இல்லை சார். வாயில வருமான்னு பார்க்கணும்.

நீங்க ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும்தானே? போய்ச் சேர மத்தியானம் ஆயிரும். இந்தாங்க, இதை நீங்க வெச்சுக்குங்க. பிடிங்க சார். எனக்கு இனி எதுக்கு? அங்க எனக்கு இலை போட்டிருப்பாங்க.

பிடிங்க. நல்ல புளியோதரை. மருந்து கிருந்து ஒண்ணும் கிடையாது, சந்தேகப்படாமச் சாப்பிடுங்க.